கண்ணுக்குள் வைக்கும் கண்ணாடி

லயத்துப் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் ஊர்களில் திருகோணமலையும் ஒன்று. துறைமுகத்திலும், சீனக்குடாப் பக்கம் மாவு ஆலையிலும் சிமெந்து ஆலையிலும், நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களிலும் வேலை இருக்கிறது. லீவுக்கு வீட்டுக்கு வரும்போது சில பிள்ளைகளின் மூக்கில் கண்ணாடியைக் காணோம். “கண்ணாடி எங்கப்பா?” என்று கேட்டால், “கண்ணுக்குள்ளதான் இருக்கு” என்பார்கள். கொன்டக்ட் லென்ஸ் என்பது அதுதான். கண் வைத்தியரிடம் அளவெடுத்துப் போட்டால் நல்ல சாமான். கடையில் பார்த்தோம், வாங்கினோம் என்று போட்டால் கண்ணுக்கே மோசம் வரலாம்.

இது நேற்று வந்த சாமான் அல்ல. அடோல்ஃப் ஃபிக் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் 1888 ஆம் ஆண்டிலேயே கண்ணாடியில் வில்லை செய்து அதைப் பற்றி எழுதினார். இன்று பலரும் போடும் மெதுவான லென்ஸுக்கு வழி காட்டியவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒட்டோ விக்டர்லே. 1961 நத்தார் நேரத்தில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு மெஷின் செய்து, அதில் லென்ஸை வார்த்தெடுத்தாராம். கெட்டிக்கார மனுசன்!

சரி, அளவெடுப்பது என்றால் என்ன? மூக்குக்கண்ணாடிச் சீட்டைக் காட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணோடு ஒட்டி நிற்கிறது. அதனால் பவர் கூடினவர்களுக்கு இரண்டும் ஒன்றாக வராது. கண்ணாடியில் மைனஸ் 6 என்றால், லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 5.5 தான் வரும்.

அதைவிட முக்கியம் வளைவு. கருவிழிக்கு மேலே தெளிந்த படலம் ஒன்று இருக்கிறது. அதன் வளைவு ஆளுக்கு ஆள் வேறு. வைத்தியர் மெஷினில் அதை அளந்து, அதற்கேற்ற லென்ஸை எடுப்பார். இந்தப் படலத்தில் இரத்த நாளம் கிடையாது. அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்துதான் ஒட்சிசனை எடுக்கிறது. லென்ஸ் இறுக்கமாகப் பிடித்தால் கண்ணுக்கு மூச்சு முட்டும். இதில் ஒரு ஏமாற்று இருக்கு: இறுக்கமான லென்ஸ் முதல் நாள் ரொம்ப சுகமாக இருக்கும்! அசையாதே, அதனால்தான். சில மணித்தியாலம் போனதும் கண் சிவந்து எரியும். தளர்ந்த லென்ஸோ கண் சிமிட்டும்போதெல்லாம் வழுக்கும், பார்வை கலங்கும். சரியான லென்ஸ் சிமிட்டும்போது கொஞ்சம், அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக, அசைந்து திரும்பவும் இடத்துக்கு வர வேண்டும். அதை வைத்தியர் பெரிதாக்கிக் காட்டும் விளக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியும். “போட்டுப் பார்த்தேன், சுகமா இருக்கு” என்ற நம்முடைய பேச்சு அங்கே சாட்சி ஆகாது.

கண்ணீர் போதுமா என்றும் பார்ப்பார்கள். பிறகு லென்ஸைப் போடவும் கழற்றவும் பழக்கி, சில நாள் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். அந்தத் திரும்பிப் போகும் பயணத்தைப் பஸ் காசு என்று பார்த்து விடாதீர்கள்.

யாருக்கு லென்ஸ் தேவை? நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மூக்குக்கண்ணாடியே போதும், செலவும் குறைவு. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கருவிழிப் படலம் மெலிந்து கூம்பாகப் புடைத்து வரும். கண்ணாடியை எத்தனை தரம் மாற்றினாலும் எழுத்து தெளியாது. “படிப்பில் கவனமில்லை” என்று ஏச்சும் வாங்கும். கண்ணை அடிக்கடி கசக்குகிற பிள்ளைகளிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. இவர்களில் பலருக்குக் கட்டியான லென்ஸ் ஒன்றுதான் பார்வையைக் கொடுக்கும். இந்தப் பிள்ளைக்கு லென்ஸ் ஃபெஷன் அல்ல, கண்ணே அதுதான். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள்.

வேலையையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாவுத் தூசி, சிமெந்துத் தூசி பறக்கிற இடத்தில் துகள் லென்ஸுக்கு அடியில் போய் உராய்ந்தால் படலம் கீறும். கடற்காற்று கண்ணைக் காய வைக்கும். மலையில் மருந்து அடிக்கிறவர்கள் லென்ஸோடு பம்பைத் தூக்கவே கூடாது. மிளகாய் அரைத்த கையையும் மறந்து விடாதீர்கள்.

இனித் தண்ணி. திருகோணமலைக்கு ட்ரிப் போகிறோம். கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்து, நிலாவெளிக் கடலில் இறங்குகிறோம். லென்ஸ் போட்டவர் தண்ணியில் இறங்குமுன் அதைக் கழற்றி வைக்க வேண்டும். கிணறு, கடல், பைப் எதிலும் அகந்தமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கலாம். அது லென்ஸில் ஒட்டிக் கண்ணுக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டி வரும், பார்வையும் போகலாம். லென்ஸைப் பைப் தண்ணியில் கழுவுவதும், வாயில் போட்டு எச்சிலில் நனைப்பதும் கூடவே கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு தொடுங்கள். லென்ஸுக்கென்று விற்கும் மருந்துத் தண்ணியை நேற்றையதோடு சேர்த்து ஊற்றாமல், தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக விடுங்கள்.

சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 2005 மார்ச் முதல் 2006 மே வரை லென்ஸ் போட்ட 66 பேருக்குக் கண்ணில் பூஞ்சணம் பிடித்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே வகை மருந்துத் தண்ணியைப் பாவித்தவர்கள். 2006 மே மாதத்தில் கம்பனி அதை உலகம் முழுவதும் திருப்பி எடுத்துக்கொண்டது. அப்படியான நகரத்திலேயே இது நடந்தது.

கலியாண வீட்டுக்குக் கலர் லென்ஸ் வாங்கி, அக்கா போட்டுக் கழற்றியதைத் தங்கச்சி போடுகிற பழக்கமும் வந்திருக்கிறது. பவர் இல்லாவிட்டாலும் அதுவும் லென்ஸ்தான், அதற்கும் அளவு உண்டு. ஒருவர் போட்டதை மற்றவர் போடுவதை அம்மாமார் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

லென்ஸோடு தூங்க வேண்டாம். கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் குத்தினால், பார்வை மங்கினால் உடனே கழற்றி, அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். கடை மருந்தை விட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் வீசாமல் கையோடு கொண்டு போனால், கிருமி எதுவென்று அதிலிருந்தே சோதிக்கலாம். கண் ஆறும் வரைக்கும் போட, பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும்.