வீட்டுக்குள் ரயில் விடலாம்... எந்த ரயிலை, தெரியுமா?

மாடல் ரயில் கட்ட ஆசைப்படுகிறவர் கடைக்குப் போனதும் கை வைப்பது என்ஜின் மேல்தான். ஆனால், அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உலகத்தில் ஓடிய, ஓடுகிற எந்த நிஜப் பாதையை வீட்டுக்குள் கொண்டுவருவது?

எச்.ஓ. என்ற பிரபலமான அளவில் எல்லாமே 87-ல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் பாதை பதினொன்றரை மீட்டராகச் சுருங்கிவிடும். சின்னதுதானே என்று நினைக்காதீர்கள்! நம் 24 பெட்டி எக்ஸ்பிரஸ் அரை கிலோமீட்டரைத் தாண்டும் நீளம். மாடலில் ஆறு மீட்டருக்கும் மேல் வரும். அறையை ரயிலே அடைத்துக்கொண்டால் ஊருக்கு ஏது இடம்? வளைவு இன்னும் பொல்லாதது. 1964-ல் திறந்த டோக்கியோ–ஒசாகா ஷிங்கன்சென் பாதைக்கு 2,500 மீட்டர் ஆரத்தில் வளைவுகள் போட்டார்கள். அதை அப்படியே சுருக்கினாலும் ஆரம் மட்டும் கிட்டத்தட்ட 29 மீட்டர்!

இப்போது சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதைக்கு வாருங்கள். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை 61 கிலோமீட்டர். முழுப் பாதையும் 1910-ல் திறந்தது. மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். பல்சக்கரமே இல்லாமல் 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. சில வளைவுகளின் ஆரம் வெறும் 45 மீட்டர், அதாவது மாடலில் 52 சென்டிமீட்டர்! புருசியோ ஊரின் ஒன்பது கண் பாலத்தைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் ரயில் பாலத்தின் மேல் வளைந்து, முழு வட்டம் சுற்றி, அதே பாலத்தின் ஒரு கண்ணுக்குள் புகுந்து வெளியே வரும். அந்த வட்டத்தின் ஆரம் 70 மீட்டர். எச்.ஓ.வில் முழு வட்டத்தின் அகலமே ஒரு டபுள் கட்டில் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இதைவிட வாகான பாதை கிடைப்பது அரிது.

நம் ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ்தான். பல் தண்டவாளத்தைப் பிடித்து மலையேறும் அதன் நீராவி என்ஜின்களில் பலவற்றைச் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை!

அமெரிக்காவில் இன்னொரு அதிசயம். கொலராடோ வெள்ளிச் சுரங்கங்களுக்காகப் போட்ட ரியோ கிராண்டே சதர்ன் பாதை, 1893-ல் வெள்ளி விலை விழுந்ததும் நொடித்துப்போனது. 1931-ல் நீராவி ரயில் ஓட்டவே கட்டுப்படியாகவில்லை. ரிட்ஜ்வே பட்டறைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய காரின் உடலை எடுத்து, ரயில் சக்கரம் பூட்டி, தபாலையும் பயணிகளையும் ஏற்றி ஓடவிட்டார்கள்! ‘கேலப்பிங் கூஸ்’ என்று பெயர் வாங்கிய வண்டிகள் அவை. 1950-களின் தொடக்கத்தில் பாதையையே பிடுங்கிவிட்டார்கள். ஆனாலும் மாடல் கட்டுகிறவர்கள் இன்றும் அதை விடுவதாக இல்லை. குட்டி வண்டிகள், மரப்பாலங்கள், நெருக்கமான மலைகள்... சின்ன அறைக்கு வேறென்ன வேண்டும்?

இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகக் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், கூரை வேய்ந்த கிராமத்து வீடுகள் கண்ணெதிரே மாறுவதைக் கண்டு பதறினார். அவற்றை 76-ல் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினார். 1954-ல் உருவான அந்த அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளத்தாக்கு, 1930-களில் இருந்தபடியே, ரயிலோடு நிற்கிறது!

நம் ஊரிலும் பழைய காட்சிகள் அப்படித்தான் மறைகின்றன. தமிழ்நாட்டில் ஊட்டிப் பாதை தவிர மீட்டர் கேஜ் எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் ஊர் ஸ்டேஷனின் பழைய புகைப்படம் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பழைய கட்டடம் இன்னும் நின்றால், அனுமதி வாங்கி அதன் நீள அகலத்தை இந்த மாதமே குறித்துவையுங்கள்.