அந்த டியூப்ல என்ன எழுதியிருக்கு?

இந்த எபிசோட் நான் வெட்கப்பட்டு மறைச்ச ஒரு விஷயம் பத்தி.

போன வெயில் காலத்துல என் தொடையிடுக்குல வட்டமா ஒரு படை வந்தது. படர்தாமரைதான். மெடிக்கல் ஷாப்ல கேட்டேன், ஒரு க்ரீம் தந்தாங்க. இரண்டே நாள்ல அரிப்பு போச்சு. நிறுத்தின ஒரே வாரத்துல இன்னும் பெரிசா திரும்ப வந்தது. மறுபடியும் அதே க்ரீம். இப்படியே மூணு மாசம்.

கடைசியா தோல் டாக்டர்கிட்ட போனப்ப, "என்ன தடவுனீங்க, டியூபைக் காட்டுங்க"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. பொடி எழுத்துல 'க்ளோபெட்டசால்' என்று இருந்தது. தடவுற ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிக அதிகமான வகை.

ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. அழற்சியை மட்டும் அடக்கும். சிவப்பும் அரிப்பும் நம்ம உடம்பு பூஞ்சையோட போடுற சண்டையின் அடையாளம். சண்டையை நிறுத்திட்டா தோல் அமைதியாகிடும், பூஞ்சை நிம்மதியா பரவும். வட்டத்தோட வடிவமே மாறிடுறதால டாக்டருக்கும் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

பூஞ்சை மருந்து சாப்பிட்டு எனக்குப் படை போயிடுச்சு. ஆனா தொடையில விழுந்த வரித்தழும்பு போகல. தோல் மெலிஞ்சதோட விலை அது.

முகத்துல இன்னும் மோசம். நிறம் கூடும்னு இதே மாதிரி க்ரீமை தினமும் பூசுறவங்க நிறைய பேர். பரு, சிவப்பு, முடி வளர்ச்சி எல்லாம் வரும். நிறுத்தினா முகம் எரியும். எரிச்சலுக்குப் பயந்து திரும்பப் பூசுவாங்க.

2018-ல மத்திய அரசு விதியை மாத்தி, இந்த வகை க்ரீம்கள் பலவற்றுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம்னு சொல்லிடுச்சு. ஆனாலும் எனக்குச் சீட்டு இல்லாமதான் கிடைச்சது.

அதுக்காக ஸ்டீராய்டே விஷம்னு சொல்லல. எக்ஸிமா, சொரியாசிஸ் இருக்கிறவங்களுக்கு இது பெரிய நிம்மதி. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் – இந்த மூணையும் கேளுங்க. அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினா சுமார் 0.5 கிராம். விரல்களோட சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அலமாரியில இருக்கிற டியூபை எடுத்துப் பாருங்க. பேர் '-சோன்', '-சால்'னு முடிஞ்சா, யார் எழுதிக் கொடுத்ததுன்னு யோசிங்க. '-சோல்'னு முடியுறது பெரும்பாலும் பூஞ்சை மருந்து, குழப்பிக்காதீங்க.