முதல் எலும்புமுறிவிலேயே கேளுங்கள்

சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் புதிதல்ல. கருவிக்குள் குதிகாலை வைத்தால் சில நிமிடங்களில் சீட்டு வந்துவிடும். அதிலுள்ள மதிப்பெண் -2.7 என்றால் பயம், -0.8 என்றால் நிம்மதி. இரண்டுமே அவசரம். எலும்புப்புரைக்கு உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த -2.5 என்ற எல்லை, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு உரியது. முகாமில் எடுக்கும் குதிகால் அல்ட்ராசவுண்டுக்குப் பொருந்தாது. அந்தச் சீட்டை வைத்து மருந்தும் தொடங்க வேண்டாம், சும்மாவும் இருந்துவிட வேண்டாம்.

யாருக்கு டெக்ஸா அவசியம்? குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றும் 58 வயது அம்மாவுக்கு மணிக்கட்டு உடைகிறது. மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ போடுகிறார்கள். சில வாரங்களில் பிரித்ததும், "வழுக்கிட்டேன், அதான் உடைஞ்சுது" என்று அவரே கதையை முடித்துவிடுகிறார். என் ஆதங்கமெல்லாம் இங்கேதான். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு உடைந்தால், குற்றம் தரையில் மட்டும் இல்லை. அடுத்து உடைவது இடுப்பாக இருக்கலாம். அதன்பின் பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர். கட்டுப் பிரிக்கும் நாளிலேயே, "டாக்டர், அம்மாவுக்கு டெக்ஸா எடுக்கணுமா?" என்று பிள்ளைகள் கேட்க வேண்டும்.

45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், சினைப்பை எடுக்கப்பட்டவர்கள், உயரம் குறைந்து கூன் விழுபவர்கள், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தவர்கள், எல்லோரும் கேட்கலாம். 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் போன்ற நெஞ்சக மருத்துவமனைகளுக்கு இழுப்புக்காக வந்துபோகிறவர்களும்தான்: ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் எலும்பு கரையும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

ஸ்கேனுக்கு முன்பே ஆபத்தைக் கணிக்க ஃப்ராக்ஸ் என்ற கணக்கீடு இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்டது; இந்தியர்களுக்கெனத் தனி அளவீடும் உண்டு. மருத்துவரிடம் கேட்டால் போட்டுப் பார்ப்பார். கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 60 வயதைத் தாண்டியவர்களுக்கானது. ஆலோசனைக்கு அங்கும் போகலாம்.

ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்கி வையுங்கள். சிகிச்சைப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. முகாமில் பயமுறுத்தி, "எலும்பு முழுசா சரியாகும்" என்று பவுடர் விற்றால், ரசீதோடும் விளம்பரத் தாளோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.