பாரம் ஏற்றிய டிரெய்லரை ஓட்டும்போது

ஆலைக்குக் கரும்பு செல்லும் பருவத்தில் டிராக்டர்கள் வயலைவிடச் சாலையில் ஓடும் நேரமே அதிகம். வயலில் கைதேர்ந்த ஓட்டுநரும், பாரத்துடன் சாலைக்கு வரும்போது சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிராக்டரின் இரு பின்சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வரப்பு ஓரத்தில் சட்டென்று திரும்ப இது உதவுகிறது. சாலையில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழக்கூடும். எனவே வயலை விட்டுப் புறப்படுமுன் இரு மிதிகளையும் தாழ் போட்டு இணைத்துவிட வேண்டும்.

பல டிரெய்லர்களில் தனிப் பிரேக் இருப்பதில்லை. முழுப் பாரத்தையும் டிராக்டரின் பிரேக்கே தாங்க வேண்டும். சமதளத்தில் இழுபட்டு வரும் டிரெய்லர், இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளத் தொடங்கும். அப்போது திடீரெனப் பிரேக் பிடித்தால் இணைப்பு மடிந்து இரண்டுமே கவிழலாம். ஆகவே ஏரிக்கரை, பாலம் ஆகியவற்றிலிருந்து இறங்குமுன், மேட்டிலேயே வேகத்தைக் குறைத்துச் சிறிய கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும், கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் கூடாது. என்ஜினின் பிடிப்பு போய்விடும். வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ 4 மடங்காகிறது என்பதை மறக்கலாகாது.

இரு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் பாரம் கூடினால், டிராக்டரின் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். முன்பக்கம் அளவு மீறினால் முன்சக்கரங்கள் தூக்கி, ஸ்டியரிங் கேளாது. முன்பக்கம் சற்றே கூடுதலாக இருக்கும்படி ஏற்றுவது நல்லது. மிக உயரமாக அடுக்கினால் வளைவில் சாயும்.

இணைப்புக்கு உரிய கனமுள்ள பின்னையே பயன்படுத்தி, அது கழன்று விடாதபடி கிளிப் மாட்ட வேண்டும். கிடைத்த போல்ட்டைச் செருகி ஓட்டுதல் ஆபத்து. இணைப்புக் கம்பியின் மீதோ, மட்கார்டிலோ, பாரத்தின் மேலோ ஆட்களை ஏற்றக்கூடாது.

இரவில் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஒளி காட்டும் பட்டைகளைத் துடைத்து வைக்க வேண்டும். டயர் பஞ்சரானால் வண்டியைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கற்களைப் புறப்படும்போது அகற்றுவது அவசியம். இருட்டில் அவற்றில் மோதுபவர், வீடு திரும்பும் பக்கத்து வயல்காரராகவும் இருக்கலாம்.