உஷார்! நிற்கும் வண்டி உறுமுகிறதா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்

அக்சிலேட்டரில் கால் இல்லை. கியரும் விழவில்லை. ஆனாலும் எஞ்சின் ‘ஊங்... ஊங்...’ என்று தானாக ஏறி இறங்குகிறது. “பழைய வண்டி, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறீர்களா?

விடாதீர்கள்!

கரைத்தீவில் ஒரு நானாவின் பெற்றோல் கார் இப்படித்தான் உறுமிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தார்கள். கிழட்டு வண்டியை இழுத்துப் பிடித்து ஓட்டுவது அவர் மட்டுமா? சந்தியில் நிறுத்தினால் உறுமும், பிறகு அணையப் பார்க்கும். “பெற்றோலில தண்ணி” என்றார் ஒருவர். இன்னொருவர் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ரேஸைக் கூட்டிவிட்டார். அணைவது நின்றது. ஆபத்து நிற்கவில்லை.

ஒரு மாலை, வண்ணாத்திவில்லுப் பக்கம், பின்சீட்டில் பிள்ளைகள். குறுக்கே மாடு. பிரேக்கை மிதித்தார். மிதி இறங்கவில்லை, கல்லு மாதிரி நின்றது! இரண்டு காலாலும் ஏறி மிதித்து, பாதையை விட்டிறங்கி, பற்றைக்குள் போய்த்தான் கார் நின்றது. யாருக்கும் காயமில்லை. அது அல்லாஹ்வின் காவல்.

எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. மேலால் பார்த்தால் நல்ல குழாய். கிளிப்புக்குப் பக்கத்தில் விரலால் வளைத்தபோதுதான் வெடிப்பு வாயைத் திறந்தது.

கேளுங்கள். பெற்றோல் எஞ்சின் உறிஞ்சும் வெக்கியூம்தான் உங்கள் காலுக்குப் பலம் கொடுத்துப் பிரேக்கை அமுக்குகிறது. குழாய் வெடித்தால் அந்தப் பலம் போகும். அதே வெடிப்பால் கள்ளக்காற்று எஞ்சினுக்குள் ஏறும், ரேஸ் கூடும். “கால் எடுத்தாச்சே, ஏன் இவ்வளவு வேகம்?” என்று காரின் கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டும். ரேஸ் விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் காதில் விழும் உறுமல். ஸ்க்ரூவைத் திருகுகிறவர் வருத்தத்தை விட்டுவிட்டு இருமலுக்கு மருந்து கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நாலைந்து தரம் மிதியுங்கள். மிதி இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? அந்த வண்டியை எடுக்காதீர்கள்! பிரேக்கை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறினாலோ, மிதிப் பக்கம் ‘உஸ்’ என்று கேட்டாலோ, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பரே கிழிந்திருக்கலாம்.

காலையில் குளிர்ந்த எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக ரேஸ் ஆவது வழமை. சூடான பிறகு பெரும்பாலான கார்களில் 700, 800 ஆர்பிஎம் அளவில் ஆடாமல் நிற்க வேண்டும். பிரேக் நன்றாக இருந்தும் ஆடினால் த்ரொட்டில் வாயில் கரி, ஐடில் வால்வு அடைப்பு, கூலன்ட் குறைவு எதுவாகவும் இருக்கலாம். எங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு. பெட்டரியின் எர்த் வயரில் பச்சை பூத்திருந்தாலும் எஞ்சின் தடுமாறும்.

எஞ்சின் உதறுகிறது, புகையில் பச்சைப் பெற்றோல் வாடை. இது பெரும்பாலும் ப்ளக் அல்லது கொயில் மிஸ் அடிப்பது. எரியாத பெற்றோல் சைலென்ஸர் பக்கமுள்ள கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்திவிடாதீர்கள்!

ஓட்டை தேடுகிறேன் என்று சூடான எஞ்சினில் பெற்றோல் தெளிக்கவே தெளிக்காதீர்கள். தீ! கதவடைத்த கராஜில் ஓடவிட்டுப் பார்க்கவும் வேண்டாம். அந்தப் புகையில் வரும் நச்சு வாயுவுக்கு வாடையே இல்லை.

டீசல் வேனுக்குக் கதை வேறு. அதில் வெக்கியூமைத் தனிப் பம்ப் கொடுக்கிறது. ரேஸ் ஏறி இறங்கினால் டீசல் லைனில் காற்றா, ஃபில்டரில் தண்ணீரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் எழுவன்குளம் வீதியில் வண்டி அணைந்தால் என்ன ஆகும்? யானை நடமாடும் இடம் அது. ரப்பர் குழாய் பெரிய செலவில்லை. நாளைக்குப் பிள்ளைகளை ஏற்றுமுன் அந்த மிதியை மிதித்துப் பாருங்கள்.