மாடு முட்டினால் நசுங்கும் காரா, இரும்புக் காரா?

நரிக்குடி பக்கம் ஒரு பழைய அம்பாசடர் கார் வந்து நின்றால் போதும், தாத்தாக்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "இதுதாம்ப்பா வண்டி! அத்தனையும் இரும்பு. இப்ப வர்ற காரெல்லாம் மாடு முட்டினாலே நசுங்கிப் போகுது" என்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்தானே, குட்டீஸ்? தாத்தா சொல்வது சரியா? வாங்க, பார்க்கலாம்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றி உருவானது அம்பாசடர். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில், 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரானது. குடும்பமே தாராளமாக உட்காரலாம். எந்த ஊர் மெக்கானிக்கும் பழுது பார்த்துவிடுவார். இதிலெல்லாம் தாத்தா கட்சிதான் ஜெயிக்கும். ஆனால், விபத்து என்று வந்தால்?

மோதவிட்டுப் பார்த்தார்கள்!

அமெரிக்காவில் 2009-ல் ஒரு சோதனை நடந்தது. அம்பாசடர் காலத்தைச் சேர்ந்த 1959-ம் வருடத்து செவர்லே பெல் ஏர் கார் ஒரு பக்கம். அதே நிறுவனத்தின் 2009 மாடல் மாலிபு கார் மறுபக்கம். இரண்டையும் மணிக்கு சுமார் 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பயப்படாதீர்கள், உள்ளே இருந்தவை பொம்மைகள்தான்!

பழைய காரில் டிரைவர் கதவு திறந்துகொண்டது. முன் கண்ணாடி கழன்று போனது. ஸ்டீயரிங் பின்னோக்கி வந்து பொம்மையின் தலையில் இடித்தது. மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் முன்பக்கமும் அப்பளமாக நொறுங்கியது. ஆனால், டிரைவர் பொம்மைக்குக் காலில் மட்டும்தான் காயம்பட வாய்ப்பு இருந்தது!

நசுங்குவதுதான் ரகசியம்

திண்ணையிலிருந்து சிமெண்ட் தரையில் தொப்பென்று விழுந்தால் வலிக்கும். வைக்கோல் போரில் விழுந்தால்? வலிக்காது. வைக்கோல் நசுங்கி, விழுந்த வேகத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது.

புதிய காரின் முன்பக்கம்தான் அந்த வைக்கோல் போர். மோதும்போது அது வேண்டுமென்றே நசுங்கும். நாம் உட்காரும் அறை மட்டும் பெட்டி போல உறுதியாக நிற்கும். பென்ஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரெனி, 1951-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

உயிர் காக்கும் பட்டை

கார் நின்றாலும் நம் உடம்பு அதே வேகத்தில் முன்னே பாயும். பஸ்ஸில் பிரேக் போட்டால் சாய்கிறோமே, அதுபோலத்தான். அதைப் பிடித்து நிறுத்துவது சீட் பெல்ட். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை 1959-ல் அறிமுகப்படுத்தியது வால்வோ. உருவாக்கியவர் நில்ஸ் போலின். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று வால்வோ அனுமதித்தது. நல்ல மனசு இல்லையா!

கண் சிமிட்டுவதற்குள் பலூன் போல விரியும் காற்றுப்பை, பெல்ட்டுக்குத் துணை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் டிரைவருக்கு இது கட்டாயம். 2023 முதல் நம் நாட்டிலும் 'பாரத் என்கேப்' என்ற பெயரில் கார்களை மோதவிட்டு, நட்சத்திர மதிப்பெண் தருகிறார்கள்.

ஆகவே குட்டீஸ், வீட்டில் கார் வாங்கப் போனால், "எத்தனை நட்சத்திரம்?" என்று நீங்கள் கேளுங்கள். யார் காரில் ஏறினாலும், பின் சீட்டாக இருந்தாலும், முதல் வேலை பெல்ட் போடுவது. பக்கத்தில் உட்காரும் தாத்தாவுக்கும் அன்பாக மாட்டிவிடுங்கள். அம்பாசடர் கதையைப் போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம்!