நட்டது இருபது, நின்றது மூன்று



எங்கள் தெருக் கோடியில் ஒரு காலி இடம் இருக்கிறது. லே-அவுட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்டது. (பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்பது நம் மாநில விதி.) பூங்கா வரவில்லை. சீமைக்கருவேலமும் குப்பையும்தான் வந்தன.

போன ஜனவரி 26 அன்று கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு நாங்கள் பத்துப் பேர் போய் 20 கன்று நட்டோம். போட்டோ கூட எடுத்துக்கிட்டோம். முழுப்பரீட்சை லீவு முடிந்து வந்து பார்த்தால் மூன்றுதான் நிற்கிறது. அதிலும் ஒன்றை ஆடு கடித்திருந்தது. ரொம்ப வெட்கமாப் போச்சு.

நாமக்கல் பக்கம் விவசாயம் பார்த்த எங்க அப்பாருவிடம் சொன்னேன். "தை மாசத்துல எவனாச்சும் கன்னு வெப்பானாடா?" என்று சிரித்தார்.

நம் பக்கம் நல்ல மழை பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான். ஆடி, ஆவணியில் நட்டால் அந்த மழையைக் குடித்து, பங்குனி வெயில் வருவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். தையில் நட்ட கன்றுக்கு அடுத்து வருவதே கோடைதான்.

மண்ணும் ஒரு காரணம். தோண்டத் தோண்ட செங்கல், ஜல்லி, சிமெண்ட்டுக் கட்டி. நாங்கள் ஒரு சாண் குழியோடு நிறுத்திவிட்டோம். 2 அடி ஆழம், 2 அடி அகலம் எடுத்து, இடிபாட்டை அப்புறப்படுத்தி, செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டிருக்க வேண்டும். சீமைக்கருவேலத்தையும் மேலே மட்டும் வெட்டினோம். அது அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிட்டது. வேர்க்கட்டையோடு தோண்டினால்தான் ஒழியும்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் பொதுமக்களோடு சேர்ந்து சீரமைத்தார்கள். சுமார் 58 ஏக்கர். தூர் வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். அந்தத் தீவுகளுக்குப் பறவைகள் வந்தன. சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிய இடத்தை 'நிழல்' அமைப்பு 2006 முதல் மரப்பூங்காவாக மாற்றியது. அங்கே தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்தார்களாம். நாங்கள் மொத்தமே ஒரு நாள்தான் போனோம்!

இந்தத் தடவை புங்கன், வேம்பு, பூவரசு, நாவல். மயில்கொன்றை பூ அழகுதான், ஆனால் காற்றுக்குக் கிளை முறியும். ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு பழைய மண்பானையைப் புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித் திரி செருகுவோம். பானையை நிரப்பிவிட்டால் தண்ணீர் மெதுவாக வேருக்குக் கசியும், வெயிலில் வீணாகாது. சுற்றிலும் ஆட்டுக்கு முள்வேலி.

இன்னொன்று. மரம் பெரிதாகும்வரை காத்திருக்காமல் முதலில் இரண்டு கல்பலகை போடப் போகிறோம். இது எங்கள் தெரு இட்லிக்கடை அக்கா சொன்ன யோசனை. சாயங்காலம் பெரியவங்க நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் யாரும் குப்பைப் பையை வீச மாட்டாங்க, ஆட்டையும் அவங்களே விரட்டிடுவாங்க. எங்களுக்கு இது தோணவே இல்லை.

அனுமதி கேட்டு மாநகராட்சிக்கு எழுதிய மனு 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருக்கிறது. மதிய இடைவேளையில் வந்து கையெழுத்துப் போடலாம். வீட்டில் ஓட்டைப் பானை இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க, எங்களிடம் கொடுங்க. இன்னும் 14 பானை வேணும்.